அடைக்கிற குழாய்

“ஒரு செடிக்கு எவ்வளவு தண்ணி வேணும், சேர்?” என்று ஷிஹான் கேட்டான்.

வினாயகமூர்த்திக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

“காணுமான அளவு,” என்றார்.

ஏறாவூரில் ஷிஹானின் விவசாயப் பொருட்கடையில் குழாய்கள் கூரைவரை சுருண்டு கிடந்தன. சொட்டு நீர்ப்பாசனத்தைப் பற்றிக் கைபேசியில் ஒரு வீடியோ பார்த்த நாளிலிருந்து வினாயகமூர்த்திக்கு வேறு நினைப்பில்லை. தோட்டத்தின் மேல் பாசம் என்று யாரும் எண்ண வேண்டாம். பாசமெல்லாம் காய் சுண்டி ஆடும் கரம் பலகையின் மேல்தான்.

தன்னாமுனையில் அவர் குடியிருக்கும் வீடும் வளவும் கிணறும் மனைவி நேசம்மாவின் சீதனம். அவர் அங்கே வந்து சேர்ந்த மாப்பிள்ளை. பேரப்பிள்ளை கண்ட பிறகும் கிணற்றடி முருங்கையில் ஒரு கொப்பு முறிப்பதென்றால் கேட்டுவிட்டுத்தான் முறிப்பார். ஆகவே, ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற நேசம்மா வளவு நிறையக் கத்தரியும் வெண்டியும் மிளகாயும் நட்டு, “பின்னேரத்தில தண்ணி ஊத்திறது உங்கட வேலை,” என்று வாளியை நீட்டியபோது மறுபேச்சுக்கு இடமிருக்கவில்லை.

பின்னேரம்தான் கரம் நேரம். சந்தியிலுள்ள விளையாட்டுக் கழகத்தில் வருடாந்தச் சோடியாட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய சோடி கந்தப்போடி பொறுமைக்குப் பேர்போனவர் அல்ல.

“கொஞ்ச நாள் பாப்பன், மச்சான். மறுகா வேற ஆளச் சேத்துருவன்,” என்று சொல்லியிருந்தார்.

குழாய் யோசனையை வினாயகமூர்த்தி பயந்து பயந்துதான் வீட்டில் சொன்னார். நேசம்மா உடனே தலையாட்டினாள்.

“நல்லதுதானே! தண்ணி தன்பாட்டில விழுந்தா நீங்க எங்கயும் போங்க, நான் ஒண்டும் கேக்கமாட்டன். ஷிஹான்ட கடையில வாங்குங்க. எனக்கிட்டப் படிச்ச பொடியன், ஏமாத்தமாட்டான்.”

இப்போது அந்தப் பொடியன், முன்னால் தொங்கிய தடித்த கறுப்புக் குழாயை இறக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

“இது நல்ல சாமான், சேர். சொட்டு விழுற இடத்தக் கழட்டிக் கழுவலாம். எந்த ஊருக்கு?”

“தன்னாமுனைக்கு. நேசம்மா டீச்சர்ட வீடு.”

ஷிஹானின் கை அப்படியே நின்றது. “டீச்சர்ட வீடா?” என்றான். தடித்த குழாயைத் திரும்பத் தூக்கி மாட்டினான். உள்ளே போய், தூசி படிந்த மெல்லிய குழாய்ச் சுருள் ஒன்றோடு வந்தான்.

“உங்களுக்கு இதுதான் சரி.”

“அப்ப அது?”

“அது... பெரிய தோட்டங்களுக்கு, சேர்.”

வினாயகமூர்த்தி சுருளை நசித்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மீன் வாங்குகிறவரைப் போல முகர்ந்தும் பார்த்தார். “நானும் இதத்தான் நினைச்சு வந்தனான்,” என்றார்.

வீட்டுக்கு வந்து குழாயை வெட்டினார், இழுத்தார், பூட்டினார். நீர்த்தாங்கியைத் திறந்தார். கத்தரிக்கு அடியில் சொட்டு விழுந்தது. வினாயகமூர்த்தி உள்ளே ஓடிச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது சொட்டு நின்றிருந்தது.

கிணற்றுத் தண்ணீரில் துருப்போலப் படிகிற காவி. வாளியால் ஊற்றும்போது அது யாருக்கும் பாரமாக இருக்கவில்லை. மயிரளவு துளையுள்ள குழாய்க்குள் போனதும் அப்படியே குந்திக்கொண்டது.

“இது ஒரு பெரிய வேலையா?” என்று அவர் தையல் ஊசியை எடுத்துத் துளைகளைக் குத்தினார். அடுத்த நாள் முதல் வரிசைக் கத்தரிகள் குளித்தன. கடைசி வரிசை மிளகாய்க்கு ஈரம்கூடப் போகவில்லை. கொடியில் காயப்போட்டிருந்த அவருடைய வேட்டி மட்டும் நன்றாக நனைந்தது.

“தண்ணிக்கு வேகம் காணாது,” என்று தாங்கியை மேசை மேல் ஏற்றினார். வேகம் வந்தது. குழாய் மூட்டுகள் எல்லாம் வாய் பிளந்தன. வெண்டிப் பாத்தி குட்டி வாவியாகிப் போனது.

நேசம்மா தேத்தண்ணியோடு வந்து, கவிழ்த்த வாளியின் மேல் இருந்தாள். “தோணி ஒண்டு வாங்குவமா?” என்றாள்.

“சிரி சிரி. காவிய வடிச்சாச் சரி,” என்றார் அவர். பழைய இறால் வலையை நாலாக மடித்துக் குழாயின் வாயில் கட்டினார். காவி நின்றது. ஆனால் இறால் வாடை தண்ணீரோடு ஓடி வளவெல்லாம் பரவியது. அக்கம்பக்கத்துப் பூனைகள் ஒன்று மிச்சமில்லாமல் வந்து குழாயைக் கடித்துப் பார்த்தன.

கந்தப்போடியிடம் போனார்.

“மச்சான், உன்ட நாயக் கொஞ்ச நாளைக்குத் தா.”

“நாயக் கொண்டு போ. ஆனா நீ போட்டிக்கு வரோணும்!”

வேலியில் போன ஓணானை மடியில் விட்ட கதைதான். நாய் பூனைகளைத் துரத்தியது உண்மை. பிறகு ஈரமணலில் குளிர்ச்சியாகப் படுப்பதற்குப் பாத்தி பாத்தியாகக் கிண்டி, குழாயை இழுத்துக் கிணற்றடியில் குவித்தது.

இப்படியே பின்னேரங்கள் போயின. அவர் முழங்காலில் நின்று குழாய் மூட்டுப் பூட்டுவார், நேசம்மா வாளிமேல் குந்தியிருந்து தேத்தண்ணி குடிப்பாள். ஒருநாள், மோதிரம் ஒன்றைக் கடிதத்துக்குள் வைத்து ஒட்டிய மனிதர், அது உள்ளே ஆடுகிறதா என்று தபால் கந்தோரில் நின்று குலுக்கிக் குலுக்கிப் பார்த்த கதையை அவர் சொன்னார். நேசம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது.

“இத ஏன் இவ்வளவு காலமும் சொல்லல்ல?”

வினாயகமூர்த்திக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அவள் இப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. சிரித்திருந்தாலும் கேட்பதற்கு அவர் வீட்டில் இருந்ததில்லை. அந்த நேரம் அவருக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் தபாலதிபர் ஒருவர் ஒரு குழாயிடம் தோற்றதாக ஊர் பேசுமே என்ற கவலை, அந்தச் சந்தோசத்தை ஒத்துக்கொள்ள விடவில்லை.

“நீங்க போய்ப் போட்டியில ஆடுங்களன்,” என்றாள் நேசம்மா. “நான் ஊத்திறன்.”

“குழாயத் திருத்தாம நான் எங்கயும் போகமாட்டன்!” என்றார்.

நேசம்மா தேத்தண்ணிக் கோப்பையை வாயில் வைத்தாள்.

போட்டி முடிந்தது. கந்தப்போடி நாயைக் கூட்டிப்போக வந்தபோது கையில் கிண்ணம் இருந்தது.

“நீ இல்லாமலே வெண்டுட்டம், மச்சான்,” என்றார். கிண்ணத்தை வெண்டிப் பாத்திக்கு மேலாக உயர்த்திக் காட்டினார்.

அதைத்தான் வினாயகமூர்த்தியால் தாங்க முடியவில்லை. அடுத்த நாள் காலையில் குழாய் முழுவதையும் பிடுங்கிச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாவூர் பஸ்ஸில் ஏறினார். கொண்டக்டர் அவருக்கும் சுருளுக்கும் சேர்த்தே இடம் விட்டான்.

ஷிஹானின் கடை வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. கந்தப்போடியின் மனைவி அதில் ஏறி உட்கார்ந்திருந்தார். மடியில் அதே மெல்லிய குழாய், இரண்டு சுருள்.

“ஐயோ தங்கச்சி, அத வாங்காதீங்க!” வினாயகமூர்த்தி பதறிப்போனார். “அது அடைக்கும்!”

“தெரியும், அண்ணன்,” என்று சிரித்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

வினாயகமூர்த்தி உள்ளே புகுந்து சுருளை மேசைமேல் போட்டார். காவியும் மணலும் இறால் வாடையும் கடையெல்லாம் பறந்தன.

“ஒரு கேள்விதான் கேக்கப்போறன். உன்ட கடையில அடைக்காத குழாயே இல்லையா?”

“இரிக்கி, சேர்.” ஷிஹான் முன்னால் தொங்கிய தடித்த குழாயைக் காட்டினான்.

“அப்ப அத ஏன் எனக்குத் தரல்ல? டீச்சர்ட வீடு எண்டு சொன்னன்தானே? அவவுக்கிட்டப் படிச்ச நீ, அவட வீட்டுக்கா இந்தத் துரோகம் செய்வாய்?”

ஷிஹான் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் மாணவனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

“நான் என்ன செய்ய, சேர்? நீங்க வாறத்துக்கு முந்தியே டீச்சர் போன்ல கோல் எடுத்து, ‘மகன், நல்ல குழாயக் குடுத்திராத, மனிசன் பின்னேரமானாக் கரம் அடிக்கப் போயிருவார், கடையில ஆகக் கூட அடைக்கிறது எதுவோ அதக் குடு’ எண்டு சொல்லிட்டாங்களே!”