பிடித்தபடியே கொடுப்பவர்

வளைகுடாவில் பேரீச்சம்பழத்துக்கு எத்தனை ரகம் உண்டோ, கிட்டத்தட்ட அத்தனை ரகம் வள்ளல்களுக்கும் உண்டு. கொடுத்துவிட்டு மறந்துபோகிறவர் ஒரு ரகம். வரவர இவர் கண்ணில் படுவதே இல்லை. கொடுப்பதாகச் சொல்லிவிட்டு மறந்துபோகிறவர் இன்னொரு ரகம்; எல்லாப் பருவத்திலும் கிடைப்பார். இன்று நாம் பார்க்கப் போவது இந்த இருவருக்கும் நடுவில் விளைகிற மூன்றாவது ரகம். பிடித்தபடியே கொடுப்பவர்.

இவரை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்கிறீர்களா? விரல்களைப் பாருங்கள். சாப்பாட்டு டப்பாவோ, போர்வையோ, பற்பசையோ, ஒரு பொருள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது, கொடுப்பவரின் விரல்கள் தாமாகவே விட்டுவிட வேண்டும் என்பது உடம்பின் ஏற்பாடு. இவர் விரல்கள் விடாது. கேமராவில் வெளிச்சம் மின்னும்வரை விடாது. மின்னிய பிறகும், "இன்னொண்ணு எடுத்துருங்க, சேஃப்டிக்கு" என்று விடாது. வாங்குகிறவர் மெதுவாகத் தம் பக்கம் இழுப்பார். இவர் சிரித்த முகத்தோடு தம் பக்கம் இழுப்பார். நடுவில் மாட்டிக்கொண்ட டப்பா எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நசுங்கும்.

இவர் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் ஒரு விஷயம் விளங்கும். ஆறு வருடமாக இவர் கொடுத்த எதுவும் இன்னும் யாரிடமும் போய்ச் சேரவில்லை. எல்லாப் படத்திலும் பொருள் நடுவிலேயே நிற்கிறது, இரண்டு அணிகள் சேர்ந்து தூக்கிப் பிடித்த கோப்பை மாதிரி.

இவருடைய பேச்சுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. "எனக்கு விளம்பரம் பிடிக்காது" என்றுதான் தொடங்குவார். பிறகு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆனா நாலு பேர் பார்த்தாத்தானே நாலு பேருக்குச் செய்யணும்னு தோணும்" என்பார். அந்த நாலு பேருக்காகத்தான் பத்தடிக்கு ஆறடி பேனர்; அந்த நாலு பேருக்காகத்தான் அதில் தன் படம்; அந்த நாலு பேர் தப்பித் தவறி வேறு யாரையாவது தலைவர் என்று நினைத்துவிடக் கூடாதே என்பதற்காகத்தான் மற்ற நிர்வாகிகளின் படமெல்லாம் தபால்தலை அளவில். என்ன ஒரு பரந்த மனம்!

சும்மா ரகத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் நம்ப மாட்டீர்கள். ஆளைக் காட்டுகிறேன். துபாய் சத்வாவில் இருக்கும் திருவாளர் விஜயபாஸ்கர். ஃபால்ஸ் சீலிங் போடும் கம்பெனி ஒன்றில் நிர்வாக மேலாளர். 'அன்னச் சிறகுகள்' என்கிற தர்ம அமைப்பின் நிறுவனர், தலைவர், ஆயுட்காலத் தலைவர். அநியாயமாகப் பேசக் கூடாது. மனிதர் உழைப்பாளி. வெள்ளிக்கிழமை ஊரே போர்வைக்குள் கிடக்கும்போது, அரிசி மூட்டையைக் காரில் ஏற்றிக்கொண்டு, தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் கேம்ப்பாகப் போகிறவர். பசி என்று யாராவது போன் செய்தால், "அட்ரஸ் சொல்லுங்க" என்பதுதான் அவருடைய முதல் வார்த்தை. "பேனர் கட்ட இடம் இருக்கா" என்பது இரண்டாவது.

நான் சொல்லப்போவது 2009 ஜூலையில் நடந்தது. அந்த வருடம் பண நெருக்கடியில் ஊரிலிருந்த கிரேன்களெல்லாம் தூக்கிய கையைக் கீழே இறக்க மறந்து நின்றன, ஞாபகம் இருக்கிறதா? அப்போது ஷார்ஜாவின் ஓரத்தில் ஒரு கட்டுமான கம்பெனி மூடிக்கொண்டது. முதலாளியின் போன் முதலில் எடுக்கப்படவில்லை, பிறகு அடிக்கவில்லை, பிறகு அந்த நம்பரே மாஃபி, இல்லவே இல்லை. கேம்ப்பில் முப்பத்தேழு பேர் மிச்சம். எல்லாரும் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள். சாப்பாடு நின்றது, கரண்ட் போனது, அறைக்குள் வேக முடியாமல் முற்றத்தில் அட்டை விரித்துப் படுத்தார்கள். கேம்ப் கட்டிடத்தின் சொந்தக்காரர் வந்து, மாசக் கடைசிக்குள் முற்றத்தையும் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனார். கேஸ் கோர்ட்டில் இருந்தது. தீர்ப்பும் டிக்கெட்டும் வரும்வரை முப்பத்தேழு பேருக்கு வயிற்றுக்கு ஏதாவது வேண்டும், தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும்.

அன்னச் சிறகுகள் பறந்தது. சத்வாவில் சின்னதாக ஓட்டல் வைத்திருக்கும் கௌஸ் முகைதீன், பேனரில் பெயர் வேண்டாம் என்ற ஒரே நிபந்தனையோடு, நாற்பது டப்பா பிரியாணி போட்டுக் கொடுத்து, தம் வேனிலேயே ஏற்றிக்கொண்டு தாமும் வந்தார். பேனரில் பெயர் வேண்டாம் என்கிற மனிதரை விஜயபாஸ்கர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பன்னிரண்டரைக்குக் கேம்ப். வெயில், தலையில் இஸ்திரிப் பெட்டி வைத்த மாதிரி. பேனர் கட்டியாயிற்று: 'பசித்தவருக்கு உணவு வழங்கும்' என்று ஒரே வரி நீளமாக ஓடி, கடைசியில் விஜயபாஸ்கரின் பெயரிலும் படத்திலும் போய் முடிந்தது. முப்பத்தேழு பேரும் வரிசையில் நின்றாயிற்று. தலைவர் முதல் டப்பாவை எடுத்தாயிற்று. செயலாளர் அருள்ராஜ் கேமராவைக் கண்ணில் வைத்தார், எடுத்தார், திருப்பிப் பார்த்தார், அடியைத் திறந்தார். பேட்டரி இல்லை. அது சத்வா ரூமில், சார்ஜரில், பச்சை விளக்கோடு நிம்மதியாக இருந்தது.

யாரோ போனில் எடுக்கலாமே என்றார். போனில் எடுத்தால் பத்திரிகையில் முகம் கட்டம் கட்டமாக வரும் என்று தலைவர் மறுத்துவிட்டார். அருள்ராஜ் "யல்லா, இதோ வந்துட்டேன்" என்று காரை எடுத்துக்கொண்டு போனார். போக முக்கால் மணி, வர முக்கால் மணி.

அதுவரை சும்மா இருப்பானேன்? விஜயபாஸ்கர் ரிகர்சல் வைத்தார்.

வாங்குவதற்கு ரிகர்சலா என்று சிரிக்காதீர்கள். அதில் எவ்வளவோ நுணுக்கம் இருக்கிறது. இடது கை டப்பாவுக்கு அடியில். வலது கை பக்கவாட்டில், தலைவரின் மோதிரத்தை மறைக்காமல். முதுகு லேசாக வளைய வேண்டும், ரொம்ப வளையக் கூடாது. முகத்தில் கஷ்டம் தெரிய வேண்டும், அதற்குள்ளேயே நன்றியும் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்வை கேமரா மீது இருக்க வேண்டும். டப்பா மீது இருக்கக் கூடாது.

வரிசையில் முதல் ஆள் அழகுமலை. கம்பி கட்டுகிற வேலை, நாற்பது வயது, விரல் ஒவ்வொன்றும் எட்டு எம்.எம். கம்பி. காலையில் பாதி குபூஸ் ரொட்டி தின்றதோடு நிற்கிறவர். மூன்று தடவை சொல்லியும் அவர் கண் டப்பாவிலேயே இருந்தது.

"டப்பாவப் பார்க்காதீங்க அழகுமலை, கேமராவப் பாருங்க" என்றார் தலைவர்.

"கேமரா எங்கண்ணே இருக்கு?"

"இருக்கற மாதிரி நினைச்சுக்கங்க."

"அதாண்ணே, மூணு வாரமாச் சோத்தையே அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கோம்."

வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்து, சிரிக்கத் தெம்பில்லாமல் பாதியிலேயே உட்கார்ந்தது. கௌஸ் முகைதீன் வேன் கதவைத் திறந்து ஒரு டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு வந்தார். பத்து மணிக்கு மூடிய பிரியாணி, ஜூலை வெயில், வேனின் ஏசியோ வெறும் சத்தம். இன்னும் ஒரு மணி நேரம் போனால் அதைத் தொடக் கூடாது என்று அவர் சாந்தமாக எடுத்துச் சொன்னார். தலைவர் நெளிந்தார். பசி தெரியாதவரா அவர்? தெரியும். ஆனால் பேட்டரியும் வந்துகொண்டிருக்கிறதே! டப்பாவின் இந்தப் பக்கம் அவர் விரல்கள், அந்தப் பக்கம் அழகுமலையின் விரல்கள். இரண்டும் விடவில்லை.

அழகுமலைதான் வழி சொன்னார்.

"அண்ணே, இது ரிகர்சல்தானே?"

"ஆமா."

"அப்ப ரிகர்சல்ல சாப்ட்டுக்கிறோம். போட்டோ எடுக்கையில பசிச்ச மாதிரி இருந்துக்கிறோம். பசிச்ச மாதிரி இருக்க எங்களுக்கு யாரும் சொல்லித் தரணுமாண்ணே?"

தலைவர் யோசித்தார். சட்டப்படி இதில் குற்றமில்லை. இது விநியோகம் அல்ல, ஒத்திகை. அவர் விரல்கள் ஒவ்வொன்றாக, அட்டைப்பூச்சியைப் பிடுங்குகிற மாதிரி, டப்பாவை விட்டன.

அடுத்த இருபது நிமிடம் அங்கே நடந்தது, உலகத்திலேயே மிக வெற்றிகரமான ஒத்திகை. பக்கத்து கேம்ப்பிலிருந்து வாசனை பிடித்து வந்த மூன்று பெங்காலிகளையும் கௌஸ் முகைதீன் ஒத்திகையில் சேர்த்துக்கொண்டார். நாற்பது டப்பாவும் கலாஸ். தலைவருக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிஞ்சியிருந்தாலும் தொட்டிருக்க மாட்டார். விநியோகத்துக்கு முன் தாம் சாப்பிடுவதில்லை என்பது அவருடைய கொள்கை. காலையிலும் அவர் சாப்பிட்டிருக்கவில்லை.

இனி டப்பாக்கள் காலி. காலி டப்பா கையில் வாங்கினால் கனம் முகத்தில் தெரியாதே? அதற்கும் அழகுமலையிடம் வழி இருந்தது. முற்றத்தில் மணலுக்கா பஞ்சம்! ஒவ்வொரு டப்பாவிலும் இரண்டு கை மணல் அள்ளிப் போட்டு, அலுமினிய ஓரத்தைக் கம்பி முறுக்குகிற விரலால் மடித்து மூடினார்கள். கடையிலிருந்து இப்போதுதான் வந்தது போல் இருந்தது.

இரண்டேகாலுக்கு அருள்ராஜ் பேட்டரியோடு வந்தார். விழா தொடங்கியது.

அங்கேதான் சிக்கல். பசித்த மாதிரி இருக்கிறோம் என்று சொன்னவர்கள், ஏமாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை பாவம். மூன்று வாரத்துக்குப் பிறகு வயிறு நிறைந்தவனிடம் பசியைக் கொண்டுவா என்றால் எங்கே போவான்? அது சந்தோஷமாகக் கிளம்பிப் போய்விட்டது. கன்னம் மின்னுகிறது. கண் செருகுகிறது. நன்றி காட்டும் நேரத்தில் ஒருவருக்கு ஏப்பம் வருகிறது. "சோகமா, சோகமா" என்று அருள்ராஜ் கத்தக் கத்த, வரிசை முழுக்கச் சிரிப்பு பரவுகிறது. மறுபக்கம் தலைவர்: இரண்டு மணி நேர வெயிலில் சட்டை உடம்போடு ஒட்டி, தலைமுடி நெற்றியோடு ஒட்டி, உதடு காய்ந்து, முதுகு தானாகவே வளைந்து நிற்கிறார். கேமராவைத்தான் பார்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவரின் கண், மணல் நிரப்பிய டப்பா மீதே நிலைத்திருக்கிறது.

அடுத்த மாதம் 'பாலைத் தென்றல்' பத்திரிகையில் படம் வந்தது, அரைப் பக்கம், கலரில். தலைவர் பேனரில் தம் பெயரையும் படத்தையும் மறைத்துக்கொண்டு நின்றுவிட்டாரா, அல்லது பேனர் சரிந்துவிட்டதா தெரியாது; அவர் தலைக்கு மேலே 'பசித்தவருக்கு' என்ற சொல் மட்டும் இருந்தது. அழகுமலையின் தலைக்கு மேலே 'உணவு வழங்கும்' இருந்தது. விஷயம் தெரியாத ஒரு நல்ல மனிதர், சென்னையில் உட்கார்ந்து பக்கம் அமைக்கிறவர், படத்தையும் அதோடு வந்த ஒரே பெயரையும் உற்றுப் பார்த்து, நியாயமாக எப்படி எழுதுவாரோ அப்படியே கீழே எழுதியிருந்தார்: 'ஷார்ஜாவில் தொழிலாளத் தோழர்கள் அளித்த மதிய உணவைப் பெற்றுக்கொள்கிறார் திரு. விஜயபாஸ்கர்.'

அன்று மாலையே போன் அடிக்கத் தொடங்கியது. முதல் போன் ஷார்ஜாவிலேயே வேலை பார்க்கும் ஷாஜினி என்ற நர்சிடமிருந்து. கன்னியாகுமரிக் கடற்கரைப் பெண். நம்பரைப் பத்திரிகைக்காரர்களிடமே கேட்டு வாங்கியிருந்தார்.

"அண்ணா, படத்தப் பார்த்து மனசு கேக்கல. எங்க ஊருக்காரங்க ரூம்ல ஒரு பெட் ஸ்பேஸ் சும்மா கெடக்கு. வாடகை ஒண்ணும் தராண்டாம். இன்னைக்கே வந்துருங்க."

"நான் கொடுக்கறவன்ம்மா, வாங்கறவன் இல்ல" என்றார் விஜயபாஸ்கர்.

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்கண்ணா. வெக்கப்படாண்டாம்."

பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் எழுத அவர் அப்போதுதான் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். கம்பெனி லெட்டர்ஹெட், மூன்று பக்கம் வரும். கேம்ப்பைக் காலி செய்ய, கட்டிடத்தின் சொந்தக்காரர் இரக்கப்பட்டுக் கூடுதலாகக் கொடுத்த கெடு முடிய நான்கு நாள் இருந்தது. அறையில் அருள்ராஜ் இல்லை. கேமரா இல்லை. வாங்குகிற முகம் எப்படி இருக்க வேண்டும் என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவருக்கு, போனைப் பிடித்துக்கொண்டு தம் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஒரு கட்டில் பத்தாதும்மா. நாங்க முப்பத்தேழு பேர்."

ஷாஜினி வேலை செய்யும் ஆஸ்பத்திரி முழுக்க அந்தச் செய்தி போனது. நான்கே நாளில், இங்கே ஒன்று அங்கே இரண்டு என்று, முப்பத்தேழு பேருக்கும் படுக்க இடம் வந்தது. அத்தனையும் விஜயபாஸ்கரின் பெயருக்குத்தான் வந்தது. மறுப்புக் கடிதம் வரவே இல்லை.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? ரகம் அவ்வளவு சுலபமாக மாறுமா? கடைசி அறையின் சாவி வந்த அன்று, தலைவர் அதை அழகுமலையின் கையில் வைத்தார். விரல்கள் விடவில்லை. "அருள்ராஜ், கேமரா" என்றார்.

"எடுக்கலாம்ணே" என்றார் அழகுமலை. "இந்தத் தடவ யாரு வாங்குறது, யாரு குடுக்குறதுன்னு மட்டும் முன்னாடியே சொல்லிருங்க."

விரல்கள் சட்டென்று விட்டன.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். உங்களிடம் பேனர் இல்லை, பத்திரிகை இல்லை. நீங்கள் இந்த ரகமே இல்லை. இருந்தாலும் ஒரு கேள்வி. போன குளிர்காலத்தில் உங்கள் பழைய ஸ்வெட்டரை, பில்டிங் காவல்காரருக்குக் கொடுத்தீர்களே, யாருக்கும் தெரியாமல், ஒரு போட்டோகூட எடுக்காமல்? நல்லது. அன்றிலிருந்து லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம், அவர் அதைப் போட்டிருக்கிறாரா என்று பார்க்கிறீர்களா இல்லையா? ஒருநாள் அதைப் பக்கத்து பில்டிங் காவல்காரர் போட்டிருக்கக் கண்டு, உங்களுக்குச் சுருக்கென்றதா இல்லையா?

உங்கள் நான்காவது மாடியிலிருந்து அந்த ஸ்வெட்டரின் கையை இன்னும் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறீர்கள். விடுங்கள் ஐயா. அவருக்குக் குளிரும்.