வராதவர்களுக்கு எத்தனை பாயிண்ட்?

கர்ட் வந்து உட்கார்ந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஆட்டத்தில் அவனுடைய வீரன் செத்துப்போனான். போன மாதமும் இதே கதைதான்.

"அவ்வளவு தூரத்துல ஒரேகன்ல லாரியை நடுரோட்டுல விட்டுட்டு வாராவாரம் ஓடி வர முடியுமா?" என்றான் கர்ட். "இவங்க எல்லாம் எட்டாவது லெவல். நான் ரெண்டு. பூதம் தும்மினாலே நான் காலி. இனிமே நான் எதுக்குடா வரணும்?"

நார்பர்ட் பகடையைக் கீழே வைத்தான். ஷெபாய்கன் என்ற ஊரில், அவன் வீட்டு பேஸ்மெண்டில், பதினோரு வருஷமாக ஞாயிறு மதியம்தோறும் நடக்கிற ஆட்டம் இது. கதை சொல்லி, பூதங்களை ஏவி, பகடை விழுந்தபடி தீர்ப்புச் சொல்வது நார்பர்ட்டின் வேலை. மற்ற நான்கு பேரும் ஆளுக்கொரு வீரனாக ஆடுவார்கள். சண்டையில் ஜெயித்தால் பாயிண்ட். பாயிண்ட் சேர்ந்தால் லெவல் ஏறும். வராதவருக்கு ஒன்றும் கிடையாது. அந்த நான்கு நாற்காலிகளில் ஒன்று காலியாகிவிடும் என்று நினைத்தாலே அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

ஆகவே அன்றே அறிவித்தான். இனி வந்தாலும் வராவிட்டாலும் எல்லாருக்கும் ஒரே பாயிண்ட்.

அடுத்த ஞாயிறு லோர்னா மட்டும் வந்தாள். லோர்னா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலில் மாவுக்கட்டோடு நொண்டிக்கொண்டு வந்தாலும் வருவாளே தவிர, ஒரு வாரம் தவறியதில்லை. கர்ட் லாரியோடு வெளியூரில் இருந்தான். டுவைட் மான் வேட்டைக்குப் போய்விட்டான். ஜெனெல், சோபாவில் சும்மா படுத்திருப்பதாக ஒளிவுமறைவில்லாமல் செய்தி அனுப்பியிருந்தாள்.

"படுத்துக் கிடக்கறவளுக்கும் எனக்கும் ஒரே பாயிண்டா?" என்றாள் லோர்னா. "அப்ப நானும் படுத்துக்கறேன். நீ உன் டிராகனைக் கட்டிக்கிட்டு அழு."

நார்பர்ட் பயந்துபோய்ச் சட்டத்தை மாற்றினான். நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு மட்டுமே பாயிண்ட்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஜெனெல் போர்வையோடு வந்து காய்ச்சலில் தூங்கினாள். டுவைட் ஒரு காதில் கால்பந்து வர்ணனை கேட்டான். கர்ட்டின் நாற்காலியில் ஒரு கைப்பேசி சாய்ந்து நின்றது. அதற்குள்ளிருந்து கர்ட், நாற்காலியில் இருப்பது தான்தான் என்று வாதாடினான். லோர்னா ஒற்றை ஆளாகப் பதினாறு பூதங்களோடு மல்லுக்கட்டிவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனாள்.

நார்பர்ட் அரசாங்க அலுவலகத்தில் படிவங்களுக்கு முத்திரை குத்துகிறவன். குழப்பம் என்றால் அவன் கை தானாகப் படிவத்தைத் தேடும். இரண்டு பக்கத்தில் ஒன்று தயாரித்தான். வராததற்குத் தக்க காரணம் இருந்தால் முக்கால் பாயிண்ட், சுமாரான காரணத்துக்கு அரை, பொய்க்கு ஒன்றுமில்லை. பதினோரு வருஷத்துப் பழைய லீவுகளுக்கும் இதே சட்டம்தான். விசாரணை தனித்தனியாக பேஸ்மெண்டில். மற்றவர்கள் மேலே சமையலறையில் காத்திருக்க வேண்டும்.

முதல் விசாரணை டுவைட்டுடையது. மான் வேட்டை தக்க காரணமா என்பதில் ஒன்றரை மணி நேரம் போயிற்று.

"நவம்பர்ல மான் வேட்டைக்குப் போறதுக்கு லீவ்னா பேரு?" என்று டுவைட் கொதித்தான். "எங்கப்பா அதுக்காகக் கல்யாணத்தையே தள்ளி வெச்சாருடா."

அன்று ஆட்டமே நடக்கவில்லை. அடுத்த வாரம் மேல்முறையீடுகளே பொழுதைத் தின்றுவிட்டன.

ஆனால் மூன்றாம் வாரத்திலிருந்து ஓர் அதிசயம் நடந்தது. யாரும் சண்டை போடவில்லை. எல்லாரும் நேரத்துக்கு முன்பே வந்தார்கள். கர்ட் ஞாயிற்றுக்கிழமை லோடுகளை வேறு லாரி ஓட்டுநரிடம் தள்ளிவிட்டு வந்தான். பாதி பாயிண்டை வெட்டப்போவதாக நார்பர்ட் சொன்னால், முழுதையும் வெட்டிக்கொள்ளச் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடுவான். லோர்னாகூட முறைக்கவில்லை.

நார்பர்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் நியாயம் ஜெயித்துவிட்டதாக மனைவி டெல்லாவிடம் காலை உணவின்போது பெருமையடித்துக்கொண்டான். டெல்லா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே புன்னகைத்தாள்.

ஏழாம் ஞாயிறு கடைசிப் படிவமும் முடிந்தது. மாதக்கணக்கில் வர்ணம் தீட்டி வைத்திருந்த டிராகன் பொம்மையைக் கையில் ஏந்திக்கொண்டு, எல்லாரையும் ஆட்டத்துக்கு அழைக்க நார்பர்ட் மேலே போனான். சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டான்.

மேஜை நடுவில் பொரித்த சீஸ் உருண்டைகள். சுற்றிலும் பகடைகள். டெல்லா கரண்டியை ஓங்கி ஒரு ராட்சசனின் குரலில் கர்ஜித்துக்கொண்டிருந்தாள். நான்கு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கர்ட்டின் வீரன் உயிரோடு இருந்தான். காத்திருக்கும் நேரத்தைப் போக்க டெல்லா ஆரம்பித்து வைத்த ஆட்டம், ஏழு வாரமாக நடந்துகொண்டிருந்தது.

நார்பர்ட்டைப் பார்த்ததும் டெல்லா கரண்டியைக் கீழே இறக்கினாள்.

அவனுக்குச் சுருக்கென்று வலித்தது. ஆனால் நான்கு நாற்காலிகளும் நிறைந்திருந்தன. இவர்கள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபோது வலி போன இடம் தெரியவில்லை. மனசு நிறைந்துபோயிற்று.

"நானும் சேந்துக்கலாமா?" என்றான் மெல்ல. "ஒண்ணாவது லெவல்லேருந்தே ஆரம்பிக்கறேன்."

டெல்லா ஐந்தாவது நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஒண்ணா? உனக்குன்னு நாங்க முதல் நாளே ஒரு வீரனைச் சேத்து வெச்சிருக்கோம், அவன் எங்களோட அஞ்சாவது லெவல்ல நிக்கிறான். நீ வராத ஏழு வாரத்துக்கும் உனக்கு முழு பாயிண்ட் போட்டே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னவ லோர்னாதான்."