ஒரே பாட்டுக்குப் பதினொரு உரைகள்

ஒரு பாட்டை உருவாக்குபவர் பாடகர் என்று உலகம் இன்றுவரை தவறாக நம்பி வருகிறது. பாட்டை உருவாக்குபவர் அதை விளங்கப்படுத்துபவர். பாடகர் இல்லாமலும் ஒரு புதிய இசை இயக்கத்தை நடத்தலாம்; நான் நடத்தியிருக்கிறேன். இணைப்பாளர் இல்லாமல் ஒரு அடி நகராது.

என் பெயர் பிரகலாதன். திருகோணமலையில் ஒரு திணைக்களத்தில் முகாமைத்துவ உதவியாளன். அலுவலகத்தில் விளங்கப்படுத்தி மிகுந்த நேரத்தில் "ஈரச்சாக்கு" என்ற சுயாதீன இசைக்குழுவின் கௌரவ இணைப்பாளன். குழுவில் மூன்று பேர். பாடுபவள் நிரோஜினி, நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை. கிற்றார் ரஜீவன். டிரம் குறிஞ்சாக்கேணி றிகாஸ். அவர்களிடம் சொந்தப் பாட்டு ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று. நீளம் நாலு நிமிடம். மிச்சமெல்லாம் என்னிடம் இருந்தது.

ஒரு பாட்டு எப்படிப் பிரபலமாகிறது என்பதைப் பலர் மர்மம் என்று நினைக்கிறார்கள். மர்மம் ஒன்றுமில்லை. கிணற்றுக்கு வைக்கும் தண்ணீர்ப் பம்பிதான். முதலில் நீங்கள் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டும், பிறகு அது தானாக இழுக்கும். அதேபோல், பாட்டைக் கேட்காத ஒருவர் கேட்காத இன்னொருவரைப் பார்த்து, "என்ன, நீங்கள் இன்னும் கேட்கேல்லையோ?" என்று ஒரு தரம் கேட்டால் போதும். அவர் வெட்கப்பட்டு, மூன்றாவது ஆளிடம் அதையே கேட்பார். முதல் வாளி தண்ணீரை நான் ஊற்றினேன். மூன்று மாதத்தில் துறைமுகப் பக்கத்தில் அந்தப் பாட்டை அறியாத ஆள் இல்லை. கேட்ட ஆளும் இல்லை.

நானும் கேட்கவில்லை. நான் ஒத்திகைக்குப் போகும்போதெல்லாம் மூவரும் வாசிப்பதை நிறுத்திவிட்டு நான் பேசுவதைக் கேட்டார்கள். அவ்வளவு மரியாதை.

குழுவின் பெயரைப் பற்றி நான் பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுதியிருந்தேன். ஈரம் என்பது கடல், சாக்கு என்பது உழைப்பு, இரண்டும் சேரும் இடத்தில் நவீன மனிதனின் பாரம். றிகாஸிடம் வாசித்துக் காட்டினேன்.

"அது அப்பிடி இல்ல சேர்," என்றான். "பக்கத்து ஊட்டுல புள்ள தூங்குது. சத்தம் போகப்படாதெண்டு டிரம்முக்கு மேல சாக்குப் போட்டு அடிச்சம். காஞ்ச சாக்கு வழுக்கிப் போகுது. நனைச்சுப் போட்டா நிக்குது."

இதுதான் கலைஞர்களின் குறை. தாங்கள் செய்வது என்ன என்று அவர்களுக்கே தெரியாது.

அந்த நேரத்தில்தான் ஒரு வாய்ப்பு வந்தது. நிரோஜினியின் ஹோட்டல் மனேஜர் யோகலிங்கம் ஒரு நிகழ்ச்சிக்கு வந்து பாட்டைக் கேட்பதாகவும், பிடித்தால் சீசன் முடியும்வரை சனிக்கிழமை மாலைகளில் ஹோட்டல் புல்வெளியில் பாட விடுவதாகவும் சொல்லியிருந்தார்.

"ஆறு வருசமா அந்த மேசையில நிண்டு மற்றவைக்குச் சாவி எடுத்துக் குடுக்கிறன் அண்ணை," என்றாள் நிரோஜினி. "ஒருக்கா அந்த இடத்தில நிண்டு பாட வேணும். பிழைச்சால் அவர் திரும்பக் கேட்க மாட்டார்."

"பிழைக்க விட மாட்டன்," என்றேன். உடனே ஏற்பாட்டுக் குழு கூடியது. துறைமுக வீதியில் ஒரு மண்டபம் எடுத்தோம். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி பின்னேரம் நாலு மணி தொடக்கம் ஆறு மணி வரை. நிகழ்ச்சி நிரலை நானே தயாரித்தேன்.

நிரோஜினி தாளைப் பார்த்தாள். "அண்ணை, எங்கட பாட்டு எத்தினையாவது?"

"பன்னிரண்டாவது."

"மொத்தம் எத்தினை?"

"பதின்மூன்று. கடைசி நன்றியுரை. அதை விட ஏலாது."

றிகாஸ் எட்டிப் பார்த்தான். "இதென்ன சேர், இசை நிகழ்ச்சியா, ஸ்கூல் பரிசளிப்பா? விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, பொன்னாடை..."

"தம்பி, இது கட்டுப்பாடுகளை உடைக்கிற இசை. உடைக்கிறதுக்கு முதல் கட்டுப்பாடு எண்டு ஒண்டு இருக்க வேணும்தானே?"

அவன் தாளை மடித்து என்னிடமே திருப்பித் தந்தான். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேர் வந்தார்கள். யோகலிங்கம் முன்வரிசைக் கதிரையில் இருந்தார். மின்விசிறிக் காற்றில் குத்துவிளக்கு ஐந்து தரம் அணைந்தது. மின்விசிறியை நிறுத்தினோம், விளக்கு எரிந்தது, சனம் வியர்த்தது. வரவேற்புரையும் தலைமையுரையும் ஆசியுரையும் குறைவில்லாமல் நடந்தன. பிரதம அதிதி, இந்தப் பாட்டைத் தான் பலதடவை கேட்டிருப்பதாகவும், அதன் முடிவு தன்னை உலுக்கியதாகவும் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் பம்பி வேலை செய்கிறது.

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு என் "இசை அறிமுகவுரை" தொடங்கியது. பத்து நிமிடம் என்றுதான் நிரலில் போட்டிருந்தேன். ஆனால் மைக் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாத மக்களுக்கு மைக்கில் பாடி என்ன பயன்? மைக்கின் சத்தம் ஸ்பீக்கருக்குப் போகிறது. ஸ்பீக்கரின் சத்தம் திரும்ப மைக்குக்குள் வந்தால் அது சுற்றிச் சுற்றிப் பெருத்து அலறும். இதைச் செய்தே காட்டினேன். மைக்கை ஸ்பீக்கருக்குக் கிட்டக் கொண்டுபோனேன். மண்டபமே காதைப் பொத்தியது. பின்வரிசையில் சிலர், பாட்டுத் தொடங்கிவிட்டதென்று கைதட்டினார்கள்.

"வித்தியாசமா இருக்கு," என்று ஒருவர் சொன்னது கேட்டது.

ஒலியமைப்பாளர் ஜமால்தீன் அடிக்கடி தன் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். நேரம் என்பது இசையில் தாளமாக எப்படி மாறுகிறது என்பதை நான் சொல்ல மறந்ததை ஞாபகப்படுத்துகிறார் என்று விளங்கிக்கொண்டு, அதையும் சேர்த்தேன்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு மைக்கைக் கொடுத்தேன். ரஜீவன் சுருதி சேர்த்து முடித்துக் கம்பியை மீட்டினான். றிகாஸ் தட்டினான். நிரோஜினி கண்ணை மூடி வாயைத் திறந்தாள். வாசலில் நின்ற பொலிஸ்காரர் கையை உயர்த்தினார். ஜமால்தீன் சுவிட்சை அமர்த்தி ஒலியை நிறுத்தினார்.

"ஆறு மணி, சேர்," என்றார். "நீங்க பேசினது நல்லாத்தான் இருந்திச்சி."

சனம் எழும்பிவிட்டது. வியர்வையைத் துடைத்தபடி, மேடையோடு செல்பி எடுத்துக்கொண்டு, "வரலாற்று நிகழ்வு" என்று எழுதிப் போட்டுவிட்டுப் போனது. நன்றியுரையை நான் மைக் இல்லாமலே நிகழ்த்தினேன்.

யோகலிங்கம் என்னிடம் வந்தார். "தம்பி, நான் பாட்டுக் கேட்க வந்தனான்."

"ஓம் ஐயா. அதைத்தான் நான் விளங்கப்படுத்தினனான்."

அவர் போய்விட்டார். நிரோஜினி மைக் வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். வயர் முடிந்த பிறகும் கை சுற்றிக்கொண்டிருந்தது. நான் நிகழ்ச்சியின் வெற்றியைப் பற்றி ஏதோ சொன்னேன். அவள் வயரைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு ஹோட்டல் வாசலில் ஒரு பலகை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். "ஈரச்சாக்கு. சனி மாலை ஐந்து மணி." விசாரணைக்காக ஜமால்தீனைப் பிடித்தேன்.

"அந்தப் புள்ள மனேஜரக் கையோட றிகாஸ்ட ஊட்டுக்குக் கூட்டிப் போயிட்டுது," என்றார். "மைக் இல்ல, மேடை இல்ல. டிரம்முக்கு மேல அந்தச் சாக்கு. நானும் அங்க நிண்டன்."

"அறிமுகம் ஆர் செய்தது?"

"ஒருத்தரும் இல்ல."

"அப்ப மனேஜருக்கு எப்பிடி விளங்கினது?"

"அது தெரியா சேர். இன்னொருக்காப் பாடச் சொன்னார்."

நிரோஜினிக்கு அழைப்பெடுத்தேன். "தங்கச்சி, ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் விளங்கப்படுத்துவீங்கள், அண்ணை."

பெருந்தன்மை என்பது இணைப்பாளரின் முதல் தகுதி. அடுத்த சனிக்கிழமை நிலாவெளி பஸ் எடுத்துப் போனேன். ஒருவருக்கும் தெரியாமல் கடைசி வரிசையில் இருந்தேன். வாய் திறப்பதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றியிருந்தேன், ஏகமனதாக. புல்வெளியில் மூவரும் வந்து நின்றார்கள். வரவேற்புரை இல்லை. ரஜீவன் கம்பியைத் தொட்டான்.

அப்போது புல்மோட்டையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா குனிந்து, "தம்பி, இந்தக் கதிரையில ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஏன் அந்தக் கதிரை வெறுமையாக இருக்கிறது, சுயாதீன இசைக்கு ஏன் ஆட்கள் பரந்து இருக்க வேண்டும், முதலில் சுயாதீனம் என்றால் என்ன என்று ஒழுங்காகத் தொடங்கினேன். தண்ணீர்ப் பம்பிக்கு வந்தபோது சுற்றிவர எல்லோரும் எழும்பிக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். நிரோஜினி சிரித்துக்கொண்டு நின்றாள்.

"பாட்டு எப்பிடித் தம்பி?" என்றார் அந்த அம்மா. "உங்கட சத்தத்தில எனக்கு ஒண்டும் கேட்கேல்லை."

என் வாழ்க்கையில் முதல் தடவையாக, விளக்கம் எதுவும் சேர்க்காமல் பதில் சொன்னேன்.

"எனக்கும் கேட்கேல்லை, அம்மா."