வல்லாரை என்று நம்பி

நான் வாழ்க்கையில் முழு உண்மை பேசிய நாள்கள் மிகக் குறைவு. அதில் ஒரு நாள்தான் என்னைப் பொய்யன் என்று திட்டிவிட்டு, ஒரு பெரிய மனிதர் முதல் வாயோடு சாப்பாட்டிலிருந்து எழுந்து போனார்.

எண்பதுகளில், அகதியாக மொன்ட்ரியாலுக்கு வந்து என் முதல் வசந்தம். லாசால் பகுதியில் நாலு பெடியன்கள் சேர்ந்து இருந்தோம். எனக்குக் கல்யாணம் பேசி, பெண்ணின் தகப்பன் ஒரு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. ஓய்வுபெற்ற தபாலதிபர். வெள்ளி விரதம்; அன்று அவருக்கு உள்ளி (பூண்டு) வாசமே ஆகாது. பிரெஞ்சு தெரியாததால், பஸ்ஸுக்கு வழி கேட்க மகள் சாந்தியையே கூட்டிக்கொண்டு வந்தார் (ஊரில் நடக்குமா இது!).

அவர்கள் வருவதற்கு முதல் நாள் ஆற்றங்கரைப் பற்றைக்குள் அந்த இலையைக் கண்டிருந்தேன். வட்ட இலை, ஓரமெல்லாம் சின்னச் சின்ன வளைவு. சந்தேகமே இல்லை, வல்லாரை! (மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கும் நாட்டில் வல்லாரை எப்படி வரும் என்று யோசிக்க மூளை வேண்டுமே.) வேரோடு ஒரு பை நிறையப் பிடுங்கி வந்து, தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் தேசிக்காய்ப்புளியும் சேர்த்துப் பச்சையாகவே சம்பல் போட்டேன். எனக்கோ இரண்டு கிழமையாகத் தடிமன். மூக்கு இருந்ததே தவிர வேலை செய்யவில்லை.

தபாலதிபர் முதல் வாய் வைத்தார்.

"தம்பி, உள்ளி போட்டனீரோ?"

"சத்தியமா இல்லை ஐயா!"

"அப்ப என்ன இப்பிடி மணக்குது?"

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லை ஐயா."

"விரதக்காரனுக்கு உள்ளியும் தந்து பொய்யும் சொல்லுறீர். எழும்பு பிள்ளை, போவம்!"

சாந்தியை எனக்கு அவ்வளவு பிடித்துப் போயிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, மிச்ச இலைப் பையோடு பஸ் தரிப்பு மட்டும் ஓடினேன்.

"ஐயா! ஒருக்கால் கசக்கி மணந்து பாருங்கோ!"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாந்திதான் ஓர் இலையை வாங்கிக் கசக்கினாள். முகர்ந்தாள். சிரிக்கத் தொடங்கினாள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார மதாமிடம் நீட்டினாள். மதாம் முகர்ந்துவிட்டு, உள்ளி என்று பிரெஞ்சில் கூவினார்.

"அப்பா, ஆள் பொய்யனில்லை. விசரன், சுத்தப் பைத்தியம்."

தபாலதிபர் தானும் ஓர் இலையை முகர்ந்தார். பிறகு என்னையும் வேட்டியையும் மேலும் கீழும் பார்த்தார்.

"விசரனெண்டால் பரவாயில்லை. பொய்யனுக்குத்தான் பொம்பிளை குடுக்கேலாது."

பெண் கொடுத்தார். விரதமில்லாத நாளில் சம்பல் போடலாமே என்று, மொன்ட்ரியால்-நோரில் இருந்த தன் வீட்டு வளவில் அதே செடியை என் கையாலேயே நடவும் வைத்தார். அதன் பெயர் கார்லிக் மஸ்டர்ட், அதாவது உள்ளிக் கடுகு, விட்டால் காட்டையே விழுங்கும் களை என்று எங்களுக்குத் தெரியவர மூன்று வருஷம் பிடித்தது. அதற்குள் மாமாவின் மிளகாய்க் கன்றுகளைக் காணவில்லை. வேலி தாண்டி அயல் வீட்டுப் பூப்பாத்தியும் போய்விட்டது. இன்றும் ஒவ்வொரு வசந்தமும் குடும்பத்தோடு குனிந்து பிடுங்குகிறோம்.

மருமகன் எப்படி என்று யாராவது கேட்டால் மாமா இப்போதும் சொல்வார்:

"தங்கமான பிள்ளை, பொய் சொல்லத் தெரியாது. ஆனா வளவுக்குள்ள மட்டும் விட்டிடாதேங்கோ!"