மூஞ்சப் பாத்தே திருடனப் புடிச்ச கதை

என் வாய நம்பி மைக்கு குடுக்கறவங்க பாவம். குடுத்தவ என் பேத்தி செல்வி. திண்டிவனத்துல காலேஜுல சினிமா படிப்பு படிக்கிறா. (நானு ரெண்டாங்கிளாஸு. அதுவும் பாதி.)

அந்தக் காலத்து வெள்ளக்கார ஊமைப்படத்துல திருட்டுக் கதைன்னா யாரத் திருடனாக் காட்டுனாங்க, கறுப்பா இருக்கறவனுக்கு ஏன் நல்ல வேஷமே குடுக்கல, இதான் அவ படிப்புக்கு எழுதறது. ஏன் இத எடுத்தான்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும். பேச மாட்டோம். அவ அப்பன், என் மவன் ஏழுமல, நல்ல கறுப்பு. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல எவளோ செயினக் காணோம்னு கத்த, அத்தினி பேரு நிக்கறப்ப போலீசு இவனத்தான் இழுத்துக்கினு போச்சி. செயினு அவ பையிலயே கெடந்துச்சாம். அதுலேர்ந்து கூட்டம் இருக்கற பக்கமே இவன் போறதில்ல.

அப்பேர்ப்பட்டவன், மவ கெஞ்சுனான்னு சலவ சட்ட போட்டுக்கினு காலேஜுல படம் போடற அன்னிக்கு வந்து, அத்தினி சனத்தோட முன்னால குந்துனான். அவனுக்குக் காட்டத்தான் செல்வி ஒரு படம் தேடி வச்சிருந்தா. ஊமைப்படமாச்சே, பக்கத்துல நின்னு ஒருத்தர் கத சொல்லணும். காட்டுல மல்லாட்ட, அதான் வேர்க்கடல, ஆயறப்ப நான் கத சொல்ல வாயத் தொறந்தா, கேக்கறவங்களுக்கு வேலயே ஓடாது. அதனால நானு.

"ஒருவாட்டி முன்னாடியே பாத்துக்க ஆயா"ன்னா.

"விடிய விடிய கூத்து பாத்தவடி நானு. மூஞ்சி சாயத்தப் பாத்தே ராஜா யாரு, அரக்கன் யாருன்னு சொல்லிடுவேன்"ன்னேன். (திமிரு.)

படம் ஓடுச்சி. பெரிய பங்களா. வைர மாலையக் காணோம். வீட்டுக்காரன் வெள்ளவெளேர்னு தொப்பி போட்டுக்கினு நிக்கறான். தோட்டத்துல கறுப்பா ஒரு வேலக்காரன், கையில மம்புட்டி. அவ்ளோதான், எனக்கு சாமி வந்துடுச்சி.

"தோ வந்துட்டான் பாருங்க திருடன்"ன்னேன். சனம் சிரிச்சிது. சிரிப்பு கேட்டா நமக்கு பிரேக்கு புடிக்காதே. "இந்த மூஞ்ச வச்சிக்கினு எவன்னா நல்லவனா இருப்பானா? புடிச்சி ஸ்டேஷன்ல போடுங்கய்யா."

நாற்காலி ஒண்ணு நகர்ந்துச்சி. ஏழுமல எழுந்து வெளிய போய்க்கினு இருந்தான்.

கடசில பாத்தா, மாலையப் பொதச்சி வச்சவன் அந்தத் தொப்பிக்காரனேதான். அத அப்பன் பாக்கணும்னுதான் செல்விப் புள்ள இத்தினி நாள் அலஞ்சிது. எனக்கு வாயே வரல. அப்பத்தான் அது நெஜமாவே ஊமைப்படம் ஆச்சி. செல்வி எழுந்து வந்தா. மைக்க மட்டும் வாங்கிக்கினா.

ஏழுமல வண்டி நிறுத்தற எடத்துல நின்னுக்கினு இருந்தான். பக்கத்துல போனேன்.

"இந்த மூஞ்சி யாரு குடுத்ததும்மா?"ன்னு கேட்டான்.

"நான்தான்டா."

வேற என்னத்தச் சொல்ல? அச்சு அசலா என் மூஞ்சி.

இப்ப வீட்டுல ரிமோட்டு காணோம்னாலும் எதுர வந்து குந்திக்கினு, "நல்லா பாத்து சொல்லும்மா, நானா?"ன்னு மூஞ்சக் காட்டுவான். பேரப் பசங்க உருண்டு சிரிக்கும். திருவக்கரை கோயில்ல பௌர்ணமின்னா கூட்டம் நெரியும். போன பௌர்ணமிக்கு, அங்க வாடா, அம்மனப் பாத்துட்டு வரலாம்னு கூப்புட்டேன்.

"அங்க எதுனா காணாமப் போச்சின்னா, என்னக் கை காட்ட நீயே கூட இருப்பியேம்மா"ன்னு சிரிச்சான். வீடே சிரிச்சிது. நானும் சிரிச்சிட்டு, தனியா பஸ் ஏறுனேன்.