விசில் ஊதிய கம்பவுண்டர்

ஸ்ரீரங்கத்தில் ஏகாதசிக் கூட்டத்தில் பெருமாளைச் சேவித்துவிடலாம். எங்கள் டாக்டரைப் பார்ப்பதுதான் கஷ்டம். நடுவில் ‘விசில்’ நின்றிருந்தார்.

அவர் கம்பவுண்டர். அதாவது, டாக்டர் அவரை அப்படித்தான் கூப்பிட்டார். அதற்கு முன்னால் திருச்சி பஸ்ஸில் கண்டக்டர். கை காட்டியவர்களுக்கெல்லாம் கண்ட இடத்தில் பஸ்ஸை நிறுத்தியதில், முதலாளி அவரையே இறக்கிவிட்டார். டாக்டர் ஏற்றிக்கொண்டார். காக்கி உடுப்பும் விசிலும் கூடவே வந்தன. மருந்துப் படிப்பு மட்டும் வரவில்லை. டாக்டர் ஜாடியில் கலந்து வைத்த மிக்ஸ்சரை, நாம் கொண்டுபோகும் பாட்டிலில் ஊற்றி, அளவுக் காகிதம் ஒட்டித் தருவார்.

ஆனால் டிஸ்பென்சரியை அவர் பஸ்ஸாகத்தான் நடத்தினார்.

“முன் பெஞ்சு லேடீஸ். எந்திரிங்க சார்.”

“கால் வலிங்க.”

“பின் பெஞ்சுல உக்காந்து வலிக்கட்டும்.”

உள்ளே யாராவது தன் வயிற்றின் வரலாற்றை விஸ்தாரமாகத் தொடங்கினால், திரைக்கு வெளியே இரட்டை விசில் கேட்கும். நோயாளி பாதிப் பேச்சில் எழுந்துவிடுவார். சில நாள் டாக்டரும் எழுந்துவிடுவார்.

நான் அப்போது கல்யாணமாகாத குமாஸ்தா. வாரம் ஒரு வியாதி வரும், பெரும்பாலும் திங்கட்கிழமை. “போன வாரம் நெஞ்சு, இந்த வாரம் வயிறா? கீழ இறங்கிக்கிட்டே போறீங்களே சார். எந்த ஸ்டாப்பிங்?” என்பார். பெஞ்சே சிரிக்கும். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கௌரவமாக உட்காருவேன்.

ஒரு நாள் டாக்டர் முகம் தொங்கிப்போயிருந்தது. படிக்காத ஆட்களை வைத்து மருந்து கொடுக்கிறார்களா என்று பார்க்க மறுநாள் ஓர் அதிகாரி வருகிறாராம்.

“ஏன்யா, அவர் கேட்டா காட்ட உங்கிட்ட என்ன இருக்கு?”

“பேட்ஜ் இருக்குங்க.”

“அது பஸ்ஸுக்கு. மாட்டிக்கிட்டா உன்னை அனுப்பிட வேண்டியதுதான்.”

விசில் பேட்ஜைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பஸ்ஸும் போய் இதுவும் போனால் அவருக்கு ஏற வேறு இடமில்லை. கடைசியில் டாக்டரே யோசனை சொன்னார்: நாளைக்கு மட்டும் விசில் வேட்டி கட்டிக்கொண்டு நோயாளியாக உட்கார வேண்டும். வாய் திறக்காமலிருக்க வாயில் தெர்மாமீட்டர். பெஞ்சை விட்டு எழாமலிருக்கப் பக்கத்தில் நான். அன்று எனக்கு முதுகு வலி, பொருத்தமாகப் போயிற்று.

அதிகாரி வந்து டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டரே மருந்தை ஊற்றினார். பாட்டிலில் பாதி, மேஜையில் பாதி. கூட்டம் திரையில் போய் முட்டியது. லேடீஸ் பெஞ்சில் மீசைகள் உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் விசில் பாதி எழுந்துவிட்டார்.

“சும்மா இருங்கண்ணே,” என்று அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்காரர் ஒருவர் கைக்குழந்தையை ஏந்தி ஓடிவந்தார். குழந்தைக்கு வலிப்பு. பின்னால் அவர் மனைவி, “விடுங்க, விடுங்க” என்று அழுதாள். கூட்டம் அசையவில்லை.

தெர்மாமீட்டர் கீழே விழுந்து உடைந்தது. விசில் தன் விசிலை எடுத்து ஊதினார். “படியில நிக்காத! ரெண்டு பக்கமும் ஒதுங்கு!” ஊரே பழகிய சத்தம், கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நான் நிமிர்வதற்குள் குழந்தை டாக்டர் மேஜையில் இருந்தது. வேட்டி என் கையில் இருந்தது. அதற்குள்ளிருந்த காக்கி டிரவுசர் வாசலில் கூட்டத்தை மறித்துக் காற்றுக்கு வழி செய்துகொண்டிருந்தது.

குழந்தை ஒருவழியாக அழுத பிறகு, அதிகாரி கேட்டார்: “யார் இவர்?”

“பேஷண்ட்டுங்க,” என்றது பெஞ்சு முழுவதும்.

“என்ன வியாதி?”

டாக்டர் நெற்றியைத் துடைத்தார். “இப்ப பாத்தீங்களே, அதுதான் சார். பல வருஷமா பாக்கறேன், குணமாகல.”

அதிகாரி சிரிக்கவில்லை. “மருந்துப் பாட்டிலை இவர் தொடக்கூடாது. படிச்ச ஆளா ஒருத்தரை வைங்க.” வாசல்வரை போய்த் திரும்பினார். “கூட்டத்தை ஒதுக்கறதுக்குப் படிப்பு வேணும்னு எந்தச் சட்டத்திலும் இல்லை.”

அடுத்த வாரம் போனேன். மருந்து ஜன்னலில் வாயே திறக்காத, சர்ட்டிபிகேட் உள்ள ஒரு புதிய மனிதர். திரை ஓரத்தில் விசில்.

“இன்னிக்கு எங்க சார் வலி?”

உடம்பெல்லாம் தேடிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அவர் இருக்கிறாரா என்று பார்க்கத்தான் வந்திருந்தேன். அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

“தலைவலி,” என்றேன்.

நம்பியதுபோலத் தலையாட்டி, இரண்டு பேரை நகர்த்தி, காற்று வருகிற ஜன்னலோரமாக எனக்கு இடம் போட்டுக் கொடுத்தார்.