மௌலா அலி மேட்டில் இருபதைக் காத்த கதை

ஓட்டுநர் இருக்கையில், ஸ்டியரிங்கைத் தொடாது காவலிருந்த துரைராஜ். அவருக்கு இடப்பக்கம், மடியில் லேப்டாப் தாங்கிய பொறியாளர் கிரிஜா. பின்னிருக்கையின் நட்டநடுவில், கழுத்தை நீட்டி வேகமுள்ளையே நோக்கிய குடியிருப்புச் சங்கச் செயலாளர் கோவிந்தராஜன். இம்மூவரையும் சுமந்து மௌலா அலி மேட்டுச் சாலையில் தன்னைத்தானே ஓட்டிச் சென்ற வெண்தேரே, வாழி! ஏற்றமோ பாரமோ எதிர்க்காற்றோ, தடுப்பது எதுவாயினும் அதன் வலுவைக் கணந்தோறும் அளந்து, தன் விசையைத் தானே திருத்தி, மணிக்கு இருபது கிலோமீட்டர் என்னும் நோன்பு காக்கும் அதன் வேகக் கருவியே, நீ அதனினும் வாழி!

ஒரு சுற்று நோன்பு காத்தால், தெருக்களில் சோதனையோட்டத்துக்குச் சங்கம் அனுமதிக் கடிதம் தரும். வழுவினாலோ, கிரிஜாவின் ஓராண்டு உழைப்பு ஷெட்டுக்குத் திரும்பும்.

பாதி மேட்டில் மூண்டது போர். கண்காணாப் பகைவன் ஒருவன் சக்கரங்களைப் பற்றி இழுத்தான். பத்தொன்பது! மதக்களிறெனப் பிளிறி விசை கூட்டிற்று கருவி. இருபது! பகைவன் மேலும் அழுத்தினான். பதினெட்டு! மலையொன்றைப் பெயர்த்துத் தன் முதுகில் கட்டினரோ என மயங்கிய அவ்வீரக் கருவி, மலைக்கேற்ற வலுவைத் திரட்டித் தள்ள, பிரேக் கருகும் நாற்றம் விண்ணளாவியது.

"துரை அண்ணா, பிரேக்ல கால் இருக்கா?"

"ஹவ்மா, இருக்கு, சும்மா வெச்சிருக்கேன். வண்டி திமிறுது, அதான் லேசா அமுக்கறேன்."

"நீங்க அமுக்கறதாலதான் அது திமிறுது!"

"நக்கோமா, அப்படி இல்ல, அது திமிறுறதாலதான் நான் அமுக்கறேன். முப்பது வருஷமா கால் அங்கதான் இருக்கு."

தானியங்கியை நிறுத்துமளவு அமுக்காமலும், விடுமளவு விடாமலும், ஜீப் ஓட்டிப் பழகிய அவ்வலக்கால் ஒருவழியாக விலகிற்று. கட்டறுந்த கணைபோல் பாய்ந்தது தேர். இருபத்தாறு! கோவிந்தராஜனின் மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏகியது. மலை மறைந்ததை மூன்றே மூச்சில் உணர்ந்த கருவி, திரட்டிய வலுவைத் துளித்துளியாய்த் துறந்து இருபதில் அமர்ந்தது. எஞ்சிய சுற்று முழுதும், முழங்காலை இரு கைகளாலும் கட்டிப்பிடித்து அமர்ந்திருந்தார் துரைராஜ். முள் இம்மியும் அசையவில்லை.

"சார், இருபத்தாறு ஏறிடுச்சே... கணக்குல வருமா?" லேப்டாப்பிலிருந்து திரும்பிக் கேட்டார் கிரிஜா.

செயலாளர் திருவாய் மலர்ந்தார்: "ஏறினது துரை பண்ண வேலை. எறங்கினது வண்டி பண்ண வேலை. ரெண்டையும் எழுதறேன்."

எழுதினார், எண்ணிட்டு, தேதியிட்டு: வண்டிக்கு அனுமதி உண்டு, ஓட்டுநரின் கால் தரையில் இருக்க வேண்டும்.

கவர் ஒட்டவில்லை, ஸ்டேப்ளர் அடித்துக் கிரிஜாவின் அலுவலகத்துக்குக் கூரியரில் அனுப்பிவிட்டார்.